விளையாட்டுப் பொறியும் கமகமும்

கருநாடக இசையில் தோய்ந்த செவியினர் காணொளி விளையாட்டின் இசைமீது சாட்டும் குற்றங்கள் இரண்டு: கூறியது கூறல், கமகமின்மை.

முன்னது முற்றும் பொருந்தாது. ஆட்டம் எப்போது முடியும் என்பதை இசையமைப்பாளர் அறியார். ஆதலால் மெட்டு சுழன்று வருகிறது. பண்டமாரான் போன்ற ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாதசுரக் கலைஞரும் ஊர்வல நடைக்கேற்பவே இராகத்தை நீட்டுகிறார். ஆயின் அவர் நீட்டுவது கற்பனையால்.

பின்னதே வலியது. 1985இல் கோஜி கோண்டோ ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்த பொறியில் ஒலிவழிகள் ஐந்தே. சுரங்கள் பெரும்பாலும் குழைவின்றித் தாவின. இத்தகைய குறையைச் சுட்டியே 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. இன்றைய பொறியோ வீணையின் பதிவொலியையே தரவல்லது. இனியும் கமகம் இல்லையெனில், குறை பொறியினுடையது அன்று, இசையமைப்போருடையதே.