எட்டிப் பார்க்கலாமா, ‘லாபிரிந்த்’ பட்டறைக்குள்?

ஸ்ஸ்ஸ்... சத்தம் போடாமல் வாருங்கள். கேட் மோஸின் ‘லாபிரிந்த்’ நாவலுக்குப் பின்னால் இருக்கும் சங்கதிகளைக் கேட்டால் தலை கிறுகிறுக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்!

1989-இல் தெற்கு பிரான்ஸில், கார்கஸோன் கோட்டை மதிலடியில் மோஸ் குடும்பம் ஒரு சின்ன வீடு வாங்கியது. நாவல் வந்ததோ 2005-இல். அதற்குள் அந்த மதில்களிலிருந்து இரண்டு பெண்கள் முளைத்துவிட்டார்கள். ஒருத்தி 1209-இல் கோட்டைக்குள் வாழும் அலாயிஸ். அப்பா அவளிடம் ஒரு ரகசியப் புத்தகத்தை ஒப்படைக்கிறார். இன்னொருத்தி நம் காலத்து ஆலிஸ். மலைக்குகைக்குள் நுழைகிறாள், எதிரே இரண்டு எலும்புக்கூடுகள்! பெயர்ப் பொருத்தத்தைக் கவனித்தீர்களா? சும்மா வைத்ததில்லை.

கோட்டையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், ஐஸ்க்ரீம் கோனைக் கவிழ்த்த மாதிரிக் கூரைகளோடு. அந்தக் கூம்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தபோது வந்தவை. அலாயிஸ் இன்று வந்தால் தன் ஊரென்றே நம்பமாட்டாள், பாவம்.

அலாயிஸின் ஊரைத் தாக்கிய சிலுவைப்படை மட்டும் கற்பனையே இல்லை. போப் மூன்றாம் இன்னசென்ட் ‘கத்தார்’ என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஒழிக்க ஏவிய படை அது. 1209 ஜூலை 22-இல் பெஸியே நகரைச் சூறையாடியது. ஆகஸ்ட் நடுவில் கார்கஸோனும் விழுந்தது.

சரி, கத்தார்களின் புதையல்? அதற்கு மோன்செகூர் மலைக்கோட்டைக்கு ஏறவேண்டும். 1244 மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்ட கத்தார்கள் அங்கே எரிக்கப்பட்டார்கள். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே இருவர் பொன்னும் வெள்ளியும் பணமுமாக கோட்டையைச் சுற்றியிருந்த முற்றுகையைத் தாண்டி நழுவிவிட்டார்கள்! கோட்டை சரணடைந்த பிறகும் நால்வர் ஒளிந்திருந்து, இரவில் கயிறு கட்டி இறங்கினார்கள். இது நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பிடிபட்டவர்களை விசாரித்த திருச்சபை விசாரணைக்காரர்கள் வாக்குமூலங்களை எழுதிவைத்தார்கள். எரித்த கூட்டமே சாட்சியத்தையும் காப்பாற்றியிருக்கிறது! எனக்கு இந்த இடத்தில்தான் புல்லரித்தது.

அந்தப் பொன் என்னவாயிற்றோ, தடயமே இல்லை. வேறொரு ஆசிரியராக இருந்தால் நாவலில் அதைத் தோண்டி எடுத்திருப்பார். மோஸ் அந்த இடத்தில் மூன்று புத்தகங்களை வைத்தார். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பெட்டி நிறையத் தங்கம் கிடைத்தால் எண்ணி முடித்ததும் கதை தீர்ந்துவிடும், இல்லையா?

2012-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஆலிஸாக வனேசா கர்பி. அதைப் பார்ப்பதற்கு முன் தயவுசெய்து புத்தகத்தைப் படித்துவிடுங்கள். குகையில் கிடந்த அந்த இருவர் யாரென்று என் வாயால் சொல்லமாட்டேன்!