இளநிலை மாணவர்க்கும் ஆராய்ச்சி

"சைபர் செக்யூரிட்டி ஆராய்ச்சியா? இதுக்கு மார்க் உண்டா சார்?" கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. மகளாக இருந்தால், "பெண்பிள்ளைக்கு எதுக்கு?" என்பதும் கூடவே வரும். இவ்விரண்டுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-இல் ஒரு திட்டம் தொடங்கியது. இளநிலை மாணவர்கள் சுமார் பத்துப் பேர், கோடை விடுமுறையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி, பேராசிரியருடன் சேர்ந்து ஆராய்வார்கள். உதவித்தொகையும் உண்டு. பெண்கள், கறுப்பினத்தவர், ஆய்வு வசதி குறைந்த கல்லூரி மாணவர் ஆகியோரைத் தேடிச் சேர்ப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. கணினிப் பாதுகாப்பிலும் இத்தகைய முகாம்கள் நடந்துள்ளன.

இது வெறும் சலுகை அல்ல. பெண்ணை ரகசியமாகப் பின்தொடரும் செயலி, தாத்தாவிடம் ஓ.டி.பி. கேட்டுப் பணம் பறிக்கும் மோசடி ஆகியவற்றின் வலி தெரிந்தவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தால்தான் அதற்கான கேள்வியே எழும்.

அத்திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றோர்க்கும் மட்டுமே. ஆனால் நமக்கு அருகிலேயே ஒரு வழி இருக்கிறது. கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியில், அமிர்த விஷ்வ வித்யாபீடத்தின் 'பயாஸ்' மாணவர் குழுவினர் 2010-இல் 'இன்சிடிஎஃப்' என்ற தேசியப் போட்டியைத் தொடங்கினர். அங்கே மாணவிகளுக்கென்றே 'டீம் சக்தி' என்ற குழுவும் உண்டு.

இத்தகைய போட்டிகளில், வேண்டுமென்றே ஓட்டை வைத்த மென்பொருளைத் தருவார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தால் உள்ளே ஒளித்து வைத்த 'கொடி', அதாவது ஒரு ரகசியச் சொல், கிடைக்கும். எப்படித் திறந்தோம் என்று பிறகு எழுதி வைப்பார்கள். ஏன் திறந்தது, எப்படி அடைப்பது என்று அந்தக் குறிப்பு மேலும் கேட்கத் தொடங்கும்போது, அதுவே ஆராய்ச்சியின் முதல் படி.

ஓர் எச்சரிக்கை. பயிற்சிக் களத்துக்கு வெளியே, அனுமதியின்றி, தீய எண்ணத்துடன் பிறர் கணினிக்குள் நுழைந்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி, மார்க் உண்டா? பெரும்பாலும் இல்லை. ஆனால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது, தான் செய்ததைத் தானே விளக்கிச் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு வந்திருக்கும். நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு மாலை நான்கு கணினிகள் போட்டு, மூத்த மாணவர்கள் இளையோர்க்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்யலாமே! பெண்பிள்ளைகளை முதல் வரிசையில் உட்கார வைப்போம்.