கணிப்பொறித் திரையும் நாலுமூலைக் கேணியும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது எங்கள் ஊராகிய திருவெள்ளறை. வெண்மையான பாறையின்மீது கோயில் அமைந்திருப்பதால் ஊருக்கு இப்பெயர் வந்தது. கோயிலைக் காண வருவோர் அதன் அருகிலுள்ள கிணற்றையும் பார்க்காமல் செல்வதில்லை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன் என்பவர் தோண்டுவித்தது அது. அவனுடைய நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டுக் கூறுகின்றது. அதற்கு மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது பெயர்; ஊரார் நாலுமூலைக் கேணி என்பார்கள்.

நடுவே சதுரமான நீர்நிலை. நான்கு பக்கங்களிலிருந்தும் நான்கு படிக்கட்டு வழிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு வழியும் நேராக நீளாமல் ஓரிடத்தில் மடங்கித் திரும்புவதால், மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தோன்றும். இந்த மடக்கினால் ஒரு நன்மை உண்டு. ஒரு படித்துறையில் நீராடுவோருக்கு மற்றொரு படித்துறையில் உள்ளவர்கள் தெரியமாட்டார்கள். நீர் ஒன்றே, வருவோரோ பலர், ஆயினும் நெரிசலும் இல்லை, கூச்சமும் இல்லை. சிறுவனாக இருந்த நாளிலிருந்து இக்கிணற்றைப் பார்த்து வருகிறேன். எனினும் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவியின் கணிப்பொறித் திரையைக் கண்டபோதுதான் இதன் அருமை எனக்கு முழுவதும் விளங்கிற்று.

அவள் எங்கள் தெருவிலேயே வசிப்பவள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கண்ணீரோடு வந்து நின்றாள். ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பாதி நிரப்பிய விண்ணப்பம் திரையில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. திறந்து கிடந்த பக்கங்களை எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்து மூன்று. “இவ்வளவும் வேண்டுமா, அம்மா?” என்று கேட்டேன். “எல்லாம் வேண்டியதுதான் சார்” என்றாள். தேடிக்கொண்டிருக்கையிலேயே, இடத்தைச் சற்றுத் துப்புரவு செய்யலாம் என்று எண்ணி ஒரு கட்டளையைத் தட்டினாள். அந்தக் கட்டளை மற்றப் பக்கங்களை எல்லாம் மூடிவிட்டது. மூடிய பக்கங்களை மீட்டோம். ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருந்தவை மீளவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கிச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றி முடிப்பதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது. ஓராண்டு உதவித்தொகை கைநழுவிப் போயிற்று.

அறிவிலும் உழைப்பிலும் அவளிடம் குறை சொல்ல இயலாது. குறை அவள் திரையின் அமைப்பில் இருந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். அதன் உச்சியில், திறந்திருக்கும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு காது போன்ற பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எல்லாரும் அதனை ‘டேப்’ என்கிறீர்கள். தமிழாக்கம் செய்தவர்கள் சில மென்பொருள்களில் ‘தாவல்’ என்றும் வேறு சிலவற்றில் ‘கீற்று’ என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். கீற்று என்பது தென்னை ஓலையை நினைவூட்டும் அழகிய சொல்; என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் தாவல் என்பது பரவிவிட்டமையால் அதனையே இங்கு ஆள்கிறேன்.

தாவல் கணிப்பொறியோடு பிறந்ததன்று; நூலக அட்டைப் பெட்டியிலிருந்து வந்தது. அட்டைகளை நெருக்கமாக அடுக்கி வைத்தால் வேண்டியதை எடுப்பது கடினம். ஆகவே, அட்டையின் மேல்விளிம்பில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, அதில் தலைப்பை எழுதினார்கள். இத்தகைய அமைப்புக்கு அமெரிக்காவில் ஜேம்ஸ் நியூட்டன் கன் என்பவர் 1897-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பெரிய அகராதிகளின் ஓரத்தில் எழுத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நோக்கம் அதுவே. இணையத்தின் தொடக்க நாள்களில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிச் சாளரமாகத் திறந்தது. பின்னர் ஓபரா முதலிய உலாவிகள் தாவல் முறையைக் கைக்கொண்டன. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏழாம் பதிப்பும் அதனை ஏற்றது. பக்கங்களைத் திறப்பது அதன்பின் மிக எளிதாயிற்று. தொல்லையும் அங்கேதான் தொடங்கிற்று.

தாவல்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் அகலமும் சுருங்குகின்றது. முதலில் தலைப்பின் பிற்பகுதி மறையும். பிறகு தலைப்பே மறைந்து சிறு சின்னம் மட்டும் எஞ்சும். ஒரே தளத்திலிருந்து ஐந்து பக்கங்களைத் திறந்திருந்தால் ஐந்துக்கும் ஒரே சின்னம்! அம்மாணவியின் விண்ணப்பம் அவ்வாறுதான் ஒளிந்துகொண்டது. தலைப்பு மறைந்த தாவல், பெயர் எழுதாத அட்டை போன்றதுதானே?

மனித நினைவின் இயல்பும் இங்கே குறுக்கிடுகிறது. 1956-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். உடனடி நினைவில் ஏழு அளவான பொருள்களையே நாம் வைத்துக்கொள்ள இயலும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்பது அவர் கண்டது. 2001-ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் என்பவர் ஆராய்ந்து, அவ்வளவு கூட இல்லை, நான்கு அளவே என்றார். ஆனால் பலவற்றைச் சேர்த்து ஒரு கட்டாக்கினால், அக்கட்டு ஒன்றாகவே எண்ணப்படும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை நாம் ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது இதனால்தான். ஐம்பத்து மூன்று தாவல்களை எவராலும் நினைவில் நிறுத்த முடியாது. நான்கு தொகுதிகளை நிறுத்தலாம்.

தொகுதி அமைக்கும் முறை கடினமன்று. குரோம் உலாவியில் 2020-ஆம் ஆண்டிலும் ஆப்பிளின் சஃபாரியில் 2021-ஆம் ஆண்டிலும் இவ்வசதி வந்தது. குரோமில், தாவலின்மேல் சுட்டியை வைத்து வலப் பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் புதிய குழுவில் சேர்ப்பதற்கான வரியைத் தெரிந்தெடுக்க வேண்டும். பெயர் ஒன்றும் நிறம் ஒன்றும் கேட்கும், கொடுங்கள். பிற தாவல்களை இழுத்து வந்து அதனருகே விட்டால் அவையும் அக்குழுவில் சேரும். குழுவின் பெயரைத் தட்டினால் தாவல்கள் எல்லாம் மடங்கிப் பெயர் மட்டும் நிற்கும். மறுபடி தட்டினால் விரியும். இவ்வளவுதான் கைவேலை. ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

கடினமானது வேறொன்று. எதனை எதனோடு சேர்ப்பது?

பெரும்பாலோர் பொருளின் வகையைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். காணொலிகள் ஒரு குழு, செய்திகள் ஒரு குழு, மின்னஞ்சல்கள் ஒரு குழு என்று. பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும், வேலைக்கு உதவாது. ஏனெனில், இயற்பியல் பாடம் ஒன்றைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு காணொலியும் ஒரு கட்டுரையும் ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சலும் சேர்ந்து வேண்டியிருக்கும். மூன்றும் மூன்று குழுக்களில் கிடந்தால் நீங்கள் இங்கும் அங்கும் ஓட வேண்டும். அடுக்களையில் குழம்பு வைப்பவர், சிவப்பான பொருள்களை எல்லாம் ஒரு தட்டிலும் வெள்ளையான பொருள்களை எல்லாம் மற்றொரு தட்டிலுமா வைத்துக்கொள்கிறார்? குழம்புக்கு வேண்டியவை ஒரு தட்டில் இருக்கும். ஆகவே, செய்யும் வேலையைக் கொண்டே குழு அமைக்க வேண்டும் என்பது என் துணிபு. படித்துறைகளைப் போல, ஒரு குழுவில் இறங்கியவனுக்கு மற்றவை கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

ஒரே பக்கம் இரண்டு வேலைகளுக்கும் உரியதாயின் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உலாவியில் ஒரு தாவல் ஒரு நேரத்தில் ஒரு குழுவில் மட்டுமே இருக்க முடியும். இச்சிக்கலை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நானூறு பாடல்களும் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்று மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதலது 120 பாடல், அடுத்தது 180, இறுதியானது 100. அத்துடன் நில்லாமல், திணையையும் பாடலின் எண்ணிலேயே பதித்து வைத்தார்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். 154-ஆம் பாடல் என்று சொன்ன மாத்திரத்தில், நூலைத் திறவாமலே, அது மணிமிடை பவளத்தில் உள்ள முல்லைப் பாட்டு என்று கூறிவிடலாம். இடம் ஒன்று, அடையாளம் இரண்டு! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஏதேனும் ஓர் எண்ணைக் கூறி என்னைச் சோதிப்பார்கள். நான் தோற்றதில்லை, தோற்கவும் வழியில்லை, அமைப்பு அப்படி.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களும் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார். ஒரு நூலை ஒரே தலைப்பில் அடைக்காமல், அதன் பல கூறுகளையும் எழுத்தாலும் எண்ணாலும் குறித்து, இடையே முக்காற்புள்ளி இட்டு இணைக்கும் பகுப்பு முறையை 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனால் அதற்குக் கோலன் பகுப்புமுறை என்று பெயர். உலாவியில் அவ்வளவு நுட்பம் இல்லை. ஆனால் ஓரளவு செய்யலாம். பெயர் வேலையைச் சொல்லட்டும். நிறம் அவசரத்தைச் சொல்லட்டும். கெடு நெருங்கும் குழு எதுவாயினும் சிவப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு அடையாளங்கள் கிடைத்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் என் அறையில் கோப்புகள் அடுக்கி இருந்தன. ஊதியம், கட்டடம், தேர்வு, சத்துணவு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ‘பலவகை’ என்று ஒரு கோப்பும் இருந்தது. மூன்றே ஆண்டுகளில் மற்றெல்லாக் கோப்புகளையும் விட அது பருத்துவிட்டது. எந்தத் தாள் காணாமற்போனாலும் அதற்குள்தான் கிடக்கும், ஆனால் எடுக்க ஒரு முற்பகல் வேண்டும். ‘பலவகை’ என்றோ ‘பிற’ என்றோ திரையில் ஒரு குழுவைத் தொடங்காதீர்கள். அது சோம்பலுக்கு நாம் இடும் செல்லப்பெயர்.

மடக்கி வைப்பதற்கு வருவோம். சிலர் அஞ்சுகிறார்கள், கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவோமே என்று. அச்சம் பொருளற்றதன்று. ஃபயர்பாக்ஸ் உலாவியில் 2011-ஆம் ஆண்டிலேயே தாவல் தொகுதி வந்தது. ஆனால் தொகுதிகளைக் காணத் தனித்திரை ஒன்றுக்குச் செல்ல வேண்டியிருந்தது. பயன்படுத்துவோர் மிகச் சிலராகவே இருந்தமையால் 2016-இல் நீக்கிவிட்டார்கள். 2025-இல் மீண்டும் கொண்டுவந்தபோது, மடக்கினாலும் பெயர் தாவல் வரிசையிலேயே நிற்கும்படி அமைத்தார்கள். மறைய வேண்டியது மறைந்தது. தெரிய வேண்டியது தெரிந்தது. எங்கள் கோயிலில் உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு உண்டு. தை முதல் ஆனி வரை ஒன்று திறந்திருக்கும். ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்று. அடைத்திருக்கும் வாசலை எவரும் இல்லாத வாசல் என்று எண்ணுவதில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாவல் என்பது வேலை நடக்கும் இடம், சேமிப்பறை அன்று. திறந்துள்ள பக்கங்கள் கணிப்பொறியின் நினைவகத்தைத் தின்கின்றன. நெடுநேரம் தொடாத பக்கத்தை உலாவி தானாகவே நினைவகத்திலிருந்து இறக்கிவிடுவதும், திரும்பச் சென்றால் புதிதாக ஏற்றுவதும் உண்டு. அப்போது பாதி எழுதிய விண்ணப்பம் இருந்தபடியே இருக்கும் என்று நம்ப முடியாது. தவறி மூடிய தாவலை, கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளை அழுத்திக்கொண்டு டி விசையைத் தட்டி மீட்கலாம்; மீள்வது பக்கந்தான், அதில் நீங்கள் எழுதியது மீளும் என்பதற்கு உறுதி இல்லை. பின்னொரு நாள் படிக்க வேண்டியதைப் புத்தகக்குறியாகச் சேமித்துவிட்டுத் தாவலை மூடுங்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டியதை முதலில் தனிக்கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு இந்த இரண்டும் எங்கள் நினைவுக்கு வரவில்லை.

மறு ஆண்டு அதே உதவித்தொகைக்கு அம்மாணவி மீண்டும் விண்ணப்பித்தாள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கணிப்பொறியை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். திரையின் உச்சியில் மூன்று பெயர்கள் இருந்தன. ‘பருவத் தேர்வு’, ‘செய்முறை ஏடு’ என்ற இரண்டும் மடங்கியிருந்தன. சிவப்பு நிறத்தில் ‘உதவித்தொகை’ என்பது மட்டும் விரிந்திருந்தது. அதனுள் நான்கே தாவல்கள். வருமானச் சான்றிதழின் படம் தெளிவாக இல்லை என்று தளம் திருப்பி அனுப்பியிருந்தது. வெளிச்சத்தில் வைத்து மறுபடி படம் எடுத்து ஏற்றினோம். மாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டது. முடிந்ததும் அவள் அந்தக் குழுவை முழுவதும் மூடிவிட்டு, ஒப்புகைச் சீட்டை அச்செடுக்கத் துறையூர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.