சித்திரகுப்தரின் புது ஏடு

திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று பதினான்கு கிலோ மீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் யமலிங்கத்தின் முன் நிற்கும்போது, சிலருக்காவது சித்திரகுப்தர் ஞாபகம் வரும். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே இருக்கிறதல்லவா? அவர் எழுதும் கணக்கைப் படிப்பது ஆயுள் முடிந்த பிறகுதான். உங்கள் கைப்பையிலுள்ள கிரெடிட் கார்டின் கணக்கோ உடனுக்குடன் ஏடு ஏறிவிடுகிறது!

அந்த ஏட்டை வைத்திருப்பவர்கள் நாலு பேர். 2000-இல் தோன்றிய 'சிபில்' மூத்தது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மற்றவை. இவர்களுக்கென்றே 2005-இல் ஒரு சட்டம் வந்தது. முன்பு பாங்க்குகள் மாதம் ஒரு முறை விவரம் அனுப்பி வந்தன. பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் ரிசர்வ் பாங்க் கண்டிப்பாக்கியது.

தேரடி வீதியில் நீங்கள் வாங்கியது பட்டுப் புடவையா, பித்தளைக் குடமா என்பது அதில் இராது. கார்டின் வரம்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு, கெடு தாண்டி எத்தனை நாள் என்பதுதான் இருக்கும். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் 'தவணை தவறியது' என்று எழுதலாம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கறை விழாது. ஆனால் பாக்கியும் வட்டியும் உங்களை விடாது.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய சங்கதி வேறொன்று. உங்களிடம் இருப்பது கணவர் கார்டோடு சேர்ந்த உபரிக் கார்டாக இருந்தால், பத்து வருஷம் நீங்கள் நாள் தவறாமல் கட்டினாலும் புண்ணியம் அவர் ஏட்டில்தான் சேரும். நாளைக்குச் சொந்தமாகத் தையற்கடை வைக்கக் கடன் கேட்டால், உங்கள் பக்கம் வெற்றுக் காகிதம்! மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிய பூக்கார அம்மாளுக்கோ தன் பெயரிலேயே ஏடு இருக்கக்கூடும். குழு உறுப்பினர் ஒவ்வொருவர் விவரத்தையும் தனித்தனியே அனுப்பும்படி 2016-இலேயே ரிசர்வ் பாங்க் சொல்லிவிட்டது. உங்கள் பெயரில் ஒரு சிறு வைப்புத் தொகை போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம். பல பாங்க்குகள் கொடுக்கின்றன.

ஏட்டில் தப்பு ஏறுவதும் உண்டு. நாலு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் அடையாததாகக் காட்டினால் புகார் எழுதுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். புகார் கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், அம்மணி!