முதல் படி யாருக்கு?

நாளைக்குப் பண்டிகையா, நாளை மறுநாள் பண்டிகையா என்று தெரியாமலே ஒரு வீட்டைப் பண்டிகைக்குத் தயார் செய்ய வேண்டுமென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

தீபாவளி என்றைக்கு, பொங்கல் என்றைக்கு என்று புதுக் காலண்டர் வந்த அன்றே பார்த்து வைத்துக்கொள்கிறோம். நோன்புப் பெருநாளின் சங்கதி வேறு. ரம்ஸான் மாதத்துக்கு 29 நாளும் உண்டு. 30 நாளும் உண்டு. 29-ஆம் நோன்பு திறக்கிற மாலையில் மேற்கு வானத்தில் பிறை தெரிந்துவிட்டால், விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு பாக்கி. குழந்தைகள் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். ஆண்கள் பள்ளிவாசலில் காஜியாரின் அறிவிப்புக்காகக் காத்திருப்பார்கள். வீட்டுக்காரி மட்டும் அரிசியை ஊற வைப்பதா வேண்டாமா என்று அடுப்படியில் தவித்துக்கொண்டிருப்பாள்!

இன்னொரு சிரமமும் உண்டு. பிறைக் கணக்கில் வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள்தான். ஆகையால் பெருநாள் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் 2023-ல் ஏப்ரல் 22. 2024-ல் ஏப்ரல் 11. 2025-ல் மார்ச் 31. 2000-ஆம் வருஷத்தில் ஜனவரியில் ஒரு பெருநாளும் டிசம்பரில் ஒரு பெருநாளும் வந்தன! பால் திரிந்துவிடுமோ என்று கோடையில் கவலைப்பட்ட குடும்பம், சில வருஷம் கழித்துத் துணி காயவில்லையே என்று மழையில் கவலைப்படும்.

இதற்கெல்லாம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்த உபாயம் மிகவும் சுலபமானது. வேலைகளை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள்: பிறைக்கு முன் செய்யக்கூடியவை, பிறைக்குப் பின்தான் செய்ய வேண்டியவை.

முன் செய்யக்கூடியவற்றைக் கடைசிப் பத்து நாட்களில் சாவகாசமாக முடித்துவிடலாம். ஒட்டடை அடிப்பது, திரைச்சீலைகளைத் துவைப்பது, தையற்காரரிடம் கொடுத்த துணியைக் கேட்டு வாங்குவது இவையெல்லாம் 25-ஆம் நோன்புக்குள் முடியட்டும். மசாலாச் சாமான்களை வறுத்துப் பொடித்து வையுங்கள். இடியப்ப மாவை வறுத்துச் சலித்து டப்பாவில் அடையுங்கள். சேமியாவையும் முந்திரியையும் நெய்யில் வறுத்து ஆற வைத்துவிட்டால் பெருநாள் காலையில் அரை மணி நேரம் மிச்சம். நோன்பு வைத்துக்கொண்டு இத்தனையும் ஒரே நாளில் செய்யப் புகுந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

பின் செய்ய வேண்டியவை நான்கே. கறி வாங்குவது, தேங்காய்ப் பால் பிழிவது, அரிசி ஊற வைப்பது, வட்டிலப்பம் அவிப்பது. இவற்றைப் பிறை தெரியாமல் தொடவே தொடாதீர்கள்.

வட்டிலப்பம் என்றதும் சில சகோதரிகள் செய்முறை கேட்பார்கள். முட்டை பத்து, ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப் பால், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை, ஏலக்காய்ப் பொடி, இவ்வளவுதான் சாமான். முட்டையை நன்றாக அடித்து, சர்க்கரை கரைந்த தேங்காய்ப் பாலுடன் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பாத்திரத்தை இறுக மூடி, மிதமான ஆவியில் முக்கால் மணி நேரம் அவித்தால் பதமாகிவிடும். மூடியிலிருந்து ஆவி நீர் உள்ளே சொட்டினால் நீர்த்துப் போகும்; அதில் மட்டும் ஜாக்கிரதை. இரவே அவித்து ஆற வைத்துவிட்டால் காலையில் இடியப்பத்துக்கும் கறி ஆணத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பரிமாறலாம்.

பிறை இரவில் வீட்டிலுள்ள சிறுமிகளின் கையெல்லாம் மருதாணிக்காகத் துடிக்கும். அடுப்படி வேலை முடிந்த பிறகே மருதாணி என்று வைத்துக்கொண்டால், எல்லார் கையும் சிவந்த பிறகு வீட்டு அம்மாளின் கை மட்டும் வெறுமையாக இருக்கும்! வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆண் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒருநாள் உரித்தால் அவர்களுடைய அந்தஸ்து குறைந்துவிடாது.

சரி, வீடு தயார் என்று நினைக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் கீழக்கரைப் பெண். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருந்து பழகியவள். கணவருக்குச் சென்னையில் வேலையாகவே, கைக்குழந்தையுடன் மண்ணடியில் தனிக்குடித்தனம் வந்தாள். முதல் முதலாகத் தானே நடத்தும் பெருநாள். ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோடு அடித்துக்கொண்டே வந்தாள். இரவு இரண்டு மணிக்குக் கடைசிக் கோடும் அடித்தாகிவிட்டது.

சுபுஹுத் தொழுகை முடிந்த சமயம் ஊரிலிருந்து உம்மாவின் டெலிபோன் வந்தது. "சலாம்" முடிந்த கையோடு உம்மா கேட்ட முதல் கேள்வி:

"பித்ரா அரிசி கொடுத்தாச்சாம்மா?"

பெண்ணுக்குப் பகீரென்றது. அந்தத் தாளில் பித்ரா என்ற வார்த்தையே இல்லை! ஊரில் ஒவ்வொரு வருஷமும் உம்மாதான் அளப்பாள். அவளுடைய கை தானாகச் செய்த காரியத்தை இவள் கண்டதே இல்லை. கணவரோ, 'வீட்டில் கொடுத்திருப்பாள்' என்று இருந்துவிட்டார்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. பின் சந்தில், மூன்று குழந்தைகளுடன் இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு விதவைத் தாய் இருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது ஓர் இரவு முழுவதும் கூட இருந்தவள். "பெருநாளைக்கு எங்கள் வீட்டு அரிசி உங்களுக்குத்தான், ராத்தா" என்று பாதி நோன்பிலேயே அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள் இந்தப் பெண்!

மணி ஆறரை. பெருநாள் தொழுகை எட்டு மணிக்கு. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வீதம், கணவர், மனைவி, ஆறு மாதக் குழந்தை என்று மூன்று தலைக்கு ஏழரைக் கிலோ. பிரியாணிக்கு வைத்திருந்த அரிசியையும் வீட்டில் இருந்த புழுங்கல் அரிசியையும் சேர்த்து அளந்தார்கள். கணவர் புதுச் சட்டையோடு பையைத் தூக்கிக்கொள்ள, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளும் கூடவே ஓடினாள்.

கதவைத் திறந்த அந்தத் தாயின் பின்னால் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் அரிசி இல்லை. தண்ணீர் மட்டும்!

"மன்னிச்சுக்குங்க ராத்தா, நேரமாயிட்டுது" என்றாள் இவள், கண் கலங்க.

"எதுக்கும்மா மன்னிப்பு? நீ சொல்லியிருந்தியே, வரும்னுதான் உலை வச்சேன்" என்று சொல்லி, அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

சகோதரிகளே, பித்ராவைத் தொழுகைக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும் என்று ஏன் சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்த உலையைப் பார்த்தால் விளங்கவில்லையா? ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624-ல், நோன்பு கடமையான அதே வருஷத்திலேயே இந்தத் தர்மமும் கடமையாயிற்று. நோன்பாளியின் குறைகளைப் போக்கவும், ஏழைகளின் வயிறு நிரம்பவும் ஏற்பட்டது என்று நபிமொழி. தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது மற்றத் தர்மங்களைப் போல ஒரு தர்மம், அவ்வளவுதான்.

ஆண், பெண், பெரியவர், சிறியவர் என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் கொடுக்க வேண்டும். நோன்பே வைக்காத, சோறே உண்ணாத பச்சைக் குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டு கைகளையும் சேர்த்து நான்கு தடவை அள்ளுகிற அளவுதான் அதன் மூலக் கணக்கு. ஷாபி மத்ஹபினர் ஊரில் உண்ணும் தானியமாகவே கொடுப்பார்கள். ஹனபி மத்ஹபில் கிரயமாகவும் கொடுக்கலாம். அளவும் தொகையும் உங்கள் ஜமாஅத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே, உங்கள் சாமான் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதுங்கள். நோன்பின் கடைசி வாரத்திலேயே அரிசியை அளந்து, தனிப் பையில் கட்டி, இன்னாருக்கு என்று தீர்மானித்து வைத்துவிடுங்கள். குழந்தைகளைக் கொண்டே அளக்கச் சொல்லுங்கள். 'இது என் பங்கு, இது தம்பி பங்கு' என்று எண்ணி அளந்த குழந்தை பிறகு மறக்காது.

பக்கத்து வீட்டு இந்துச் சகோதரிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்கு வரும் தட்டு இதே எண்ணத்தின் இன்னொரு கிளைதான். முஸ்லிம் சகோதரிகள் அதை அனுப்பும்போது கொஞ்சம் யோசித்து அனுப்புவது உசிதம். சைவ உணவுக்காரர் வீட்டுக்கு வட்டிலப்பம் ஆகாது. அதில் முட்டை இருக்கிறது. கறி அடுப்பேறுமுன் தனிப் பாத்திரத்தில் சேமியாப் பாயசம் காய்ச்சி அனுப்பினால் அவர்களும் மனம் நிறைந்து சாப்பிடுவார்கள்.

அந்த மண்ணடிப் பெண் வீட்டில் அன்று பிரியாணி கொஞ்சம் குறைவுதான். வந்த விருந்தாளிகளுக்கு இடியப்பத்தை வைத்துச் சமாளித்தாளாம். இப்போது வருஷா வருஷம் பெருநாளைக்குத் தாள் எடுத்து எழுத உட்கார்ந்தால், வெங்காயத்துக்கும் ஏலக்காய்க்கும் மேலே, அவள் எழுதும் முதல் வரி: "ராத்தா வீட்டு உலை."