கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் கிளாஸ்!

பின்பக்கம் வெறுமையாக இருக்கிற தினசரி காலண்டர் தாள் 36 வேண்டும். கரண்ட் வேண்டாம், மவுஸ் வேண்டாம், மாசத் தவணை வேண்டவே வேண்டாம். (நடப்பு வருஷக் காலண்டரைக் கிழித்து உதை வாங்கினால் நான் பொறுப்பல்ல.)

அக்கா பையனிடம் 25 தாளைக் கொடுத்து, வரிசைக்கு 5 வீதம் 5 வரிசையாகத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். சிலதில் தேதி தெரியட்டும், சிலதில் வெற்றுப் பக்கம். அவன் இஷ்டம். 'இது ரொம்ப ஈஸிடா, கொஞ்சம் கஷ்டமாக்கறேன்' என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒன்று, ஒவ்வொரு பத்தியின் அடியிலும் ஒன்று, மூலையில் ஒன்று என மிச்சம் 11-ஐ நீங்கள் வையுங்கள். திரும்பி நின்றுகொள்ளுங்கள். அவன் ஒரே ஒரு தாளைப் புரட்டட்டும். பார்த்து, 'இதானே?' என்று சரியாக விரலை வையுங்கள். 'எப்பிடி மாமா?' என்று வாயைப் பிளப்பான்.

ரகசியம் அந்த 11 தாளில். எந்த வரிசையை, எந்தப் பத்தியை எண்ணினாலும் தேதி தெரிகிற தாள்கள் இரட்டைப்படையாக வரும்படி வைத்திருப்பீர்கள். (பூஜ்யமும் இரட்டைப்படைதான்.) ஒன்றைப் புரட்டியதும் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒற்றைப்படையாகிவிடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஆள் மாட்டினான்!

பி.காம். படித்த எனக்கு லெட்ஜர்தான் ஞாபகம் வந்தது. குறுக்கே கூட்டி, மேலிருந்து கீழே கூட்டி, டாலியாகாத இடத்தில் தப்பைப் பிடிக்கிறோமே, அதேதான். கம்ப்யூட்டரும் தகவலோடு இப்படி உபரியாகக் கொஞ்சம் சேர்த்து அனுப்பி, வழியில் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிறது. பெயர் பாரிட்டி.

இந்த மாதிரி விளையாட்டுக்களைத் தொகுத்து 1990-களில் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் என்ற மூன்று பேராசிரியர்கள். நியூஸிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்த இந்த முயற்சிக்கு 'கம்ப்யூட்டர் சயன்ஸ் அன்ப்ளக்ட்' என்று பெயர். 1, 2, 4, 8, 16 என்று புள்ளி போட்ட 5 அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்தே 0 முதல் 31 வரை எண்ணலாம். பைனரி பாடம் ஓவர்!

லேப் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவார்கள். ஆனால், 'இதெல்லாம் வசதியானவங்களுக்கு' என்று மனசுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்களே, அங்கேதான் நஷ்டம். மெஷினை அப்புறம்கூட வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தால் அக்கா பையன் அடுத்த நிமிஷமே உங்களைத் திரும்பி நிற்கச் சொல்லாமல், தான் திரும்பி நின்றுகொள்வான். நிற்கட்டும். நீங்கள் ஒரு தாளைப் புரட்டுங்கள்.