சைதாப்பேட்டையிலிருந்து சீமைப் படிப்புக்கு

சைதாப்பேட்டை கல்விக்குப் புதிய ஊரன்று. சென்னை ராஜதானியின் விவசாயக் கல்லூரி கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து போகும் வரையில் இங்கேதான் இருந்தது. இங்குள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1910இல் பயின்றவர்களுள் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் ஒருவர். 1936இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியப் பதவி ஏற்ற அந்த மேதை, ஐரோப்பாவில் ஒரு நாளேனும் மாணவராக இருந்தவரல்லர். இன்றோ, காரணீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பொறியியல் முடித்த பிள்ளை மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்வது வியப்புக்குரிய செய்தியாக இல்லை. அங்குள்ள அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை போதனைக் கட்டணம் வாங்குவதில்லை என்பதே நடுத்தரக் குடும்பங்களை அத்திசை நோக்கி ஈர்க்கும் முக்கிய காரணம்.

ஆகவே வீடுகளில் ஓராண்டுக்கு முன்னரே ஆயத்தங்கள் தொடங்குகின்றன. கல்விச் சான்றுகளின் மெய்ம்மையை உறுதிசெய்யும், 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். சான்றிதழ், ஜெர்மன் மொழிப் பரீட்சை, 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று பிள்ளைகள் சொல்லும் கணக்கில் ஓராண்டு ஜீவனத்துக்காக முன்கூட்டியே கட்டவேண்டிய 11,904 யூரோ ஆகிய யாவும் தந்தையாரின் டைரியில் ஒழுங்காக இடம்பெறுகின்றன. அந்தக் கணக்கிலிருந்து மாதந்தோறும் கைக்கு வருவது 992 யூரோ. அந்தப் பணத்தைக் கொண்டு, யாருமறியாத ஊரில், ஒரு மாதத்தின் முப்பது நாட்களையும் அந்தப் பிள்ளை எவ்விதம் கழிக்கப் போகிறான் என்ற கேள்வி மட்டும் ஏனோ எழுவதில்லை.

இவ்விடத்தில் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனை நினையாமல் இருக்க என்னால் இயலவில்லை. 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' கப்பலேறி, ஏப்ரலில் கேம்பிரிட்ஜை அடைந்த அவர், சென்னைச் சர்வகலாசாலை அளித்த வருஷம் 250 பவுன் உபகாரச் சம்பளத்தில் 50 பவுனைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதோடு ட்ரினிட்டி கல்லூரி கொடுத்த 60 பவுனையும் சேர்த்துக்கொண்டு சௌகரியமாகவே வாழ்ந்திருக்கலாம். பணம் அவருக்கு ஒரு குறையாக இருக்கவில்லை. ஆனால் மரக்கறி உணவே உண்பவராகிய அவர், கல்லூரிப் போஜனசாலையில் பிறரோடு அமர்ந்து உண்ணாமல், தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டதும் அந்தச் சமையலும் கஷ்டமாயிற்று. பாலும் பழமும் கிடைத்திராவிட்டால் தம் பாடு இன்னும் மோசமாகியிருக்கும் என்ற கருத்தில் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கணிதத்தில் ஆழ்ந்துவிட்டாலோ, நேரத்துக்கு உண்பதும் உறங்குவதும் அடியோடு நின்றுபோயின.

அக்காலத்தில் கிங்ஸ் கல்லூரியில் படித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் கூறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரவில் ஓவர்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்லவே, மகலனோபிஸ் அவருடைய படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை உலகம் போற்றிய அந்தக் கணித மேதைக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை! இதைப் படிக்கும்தோறும் என் மனம் பதறுகிறது. 1917இல் நோயுற்று, சிகிச்சை நிலையங்களில் அலைந்து, 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் அவர் மறைந்தார். அன்று க்ஷயம் என்று கருதப்பட்ட நோய், கல்லீரலைத் தாக்கிய அமீபா வியாதியாக இருக்கலாம் என்று 1994இல் டாக்டர் யங் என்பவர் ஆராய்ந்து எழுதியிருப்பதால், உணவுக் குறைவே மரணத்துக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் பிணியுற்ற தேகத்துக்கு வேண்டிய போஜனமும் துணையும் அவருக்கு அங்கே வாய்க்கவில்லை என்பதில் சந்தேகமில்லை.

இன்றைய மாணவனுக்கு யுத்தகாலப் பஞ்சமில்லை. பெரிய நகரங்களில் புளியும் துவரம்பருப்பும் விற்கும் கடைகள் இருக்கின்றன. மென்சா எனப்படும் மாணவர் உணவகத்தில் குறைந்த விலையில் மதிய உணவு கிடைக்கிறது. எனினும் சிறு விஷயங்கள் அவனைச் சூழ்ந்தே நிற்கின்றன. அன்னையார் அன்போடு பெட்டியில் வைக்கும் நெய்யையும் பால்கோவாவையும், கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலையையும் ஐரோப்பிய யூனியனின் சுங்க விதிகள் அனுமதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்க மறந்தவன் மறுநாள் ரொட்டியோடு திருப்தியடைய வேண்டியதுதான். டிசம்பர் இறுதியில் பெர்லினில் காலை எட்டு மணிக்கு மேல் உதிக்கும் சூரியன் பிற்பகல் நான்குக்குள் மறைந்துவிடுவதால், வகுப்பறைக்குள் நுழைகையில் கண்ட இருளையே வெளியே வருகையிலும் காண்கிறவன், வெயிலையே விதியாகக் கொண்ட நம் ஊர்ப் பிள்ளை. அவன் சமைத்து, பாத்திரம் துலக்கி, மனம் விட்டுப் பேச விரும்பும் இரவு ஒன்பது மணிக்கு, குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம் முந்திச் செல்லும் சைதாப்பேட்டையில் பொழுது ஒன்றரை, பெற்றோர் உறங்கிவிட்டிருப்பார்கள்.

பகுதிநேர வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த வருவாயை நம்பியே ஒரு பிள்ளையை அனுப்புவது, முதல் பருவத்திலேயே அவன் படிப்பைப் பணயம் வைப்பதாகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துச் செலவுப் பணத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அவனே பேரம் பேசிக் காய்கறி வாங்கவும், சாதமும் ரசமும் வைக்கவும், துணி துவைக்கவும், கணக்கெழுதவும், ஜுரம் கண்டால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு தயக்கமின்றி வைத்தியரைத் தேடிச் செல்லவும் பழக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இவற்றில் பாதியையாவது வீட்டிலேயே கற்பித்துவிடுகிறோம். ஆண்பிள்ளையை அடுக்களைப் பக்கம் வரவிடாத குடும்பங்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன, அவர்களிடம்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.